ஆலப்புழைக் கம்பெனிக் கட்டடங்களும் பொள்ளாச்சி நாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஆலப்புழைக்குப் போய்வந்த ஒருவர் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்தேன். படகு வீடு, கரிமீன், கடற்கரை, கலங்கரை விளக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் ஊருக்குள் வரிசையாக நிற்கும் பழைய கயிற்றுக் கம்பெனிக் கட்டடங்களை மட்டும் ‘பாழடைந்த கிடங்குகள்’ என்று இரண்டே சொல்லில் தாண்டிப் போய்விட்டார். மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், நெகமம் வட்டாரத்தில் நார் மில் நடத்துகிறேன். எங்கள் அய்யன் ஆரம்பித்த மில். அவருக்கு அப்புறம் நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் களத்தில் காய்கிற நாரில் பெரும்பங்கு லாரி ஏறி, கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொல்லங்கோடு, நெம்மாறை, வடக்கஞ்சேரி வழியாக ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கம்தான் போகிறது. குதிரான் ஏற்றத்தில் ராத்திரி முழுக்க லாரி நின்ற காலம் உண்டு. 2021இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு விடிவதற்குள் சரக்கு சேர்ந்துவிடுகிறது. தேங்காய் மட்டையை அடுப்பெரிக்கவும் வரப்போரம் போட்டு வைக்கவும் மட்டுமே தெரிந்திருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு, அதை நாராக்கினால் காசு என்று தெரிய வந்ததே ஆலப்புழையில் வாங்க ஆள் இருந்ததால்தான். அந்தக் கட்டடங்களை நாங்கள் வேறு கண்ணால் பார்ப்பது அதனால்தான்.

ஆலப்புழைத் துறைமுகம் திருவிதாங்கூரில் தர்மராஜா ஆண்ட காலத்தில், 1762இல் திறந்தது. அதைப் பெரிய வணிக ஊராக வளர்த்தவர், பிற்பாடு திவானான ராஜா கேசவதாஸ். வேம்பநாட்டுக் காயலில் இருந்து கடற்கரைப் பக்கம் வரைக்கும் சரக்குப் படகு வந்து சேர இரண்டு கால்வாய்கள் வெட்டினார்கள். இன்றைக்கு வாடைக் கால்வாய், கமர்ஷியல் கால்வாய் என்று சொல்கிறார்களே, அவைதான். குஜராத், கட்ச் பக்கத்து வியாபாரிகளை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். மழைக்காலத்தில் அந்தக் கடற்கரையை ஒட்டிச் சேற்றுக்கரை அமைவதால் அலை அடங்கி நிற்கும். கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் படகில் சரக்கு போகும். 1859இல் ஜேம்ஸ் டாரா என்ற அயர்லாந்து வம்சாவளி அமெரிக்கர், ஹென்றி ஸ்மெயிலோடு சேர்ந்து அங்கே டாரா ஸ்மெயில் கம்பெனியைத் தொடங்கினார். நம் நாட்டின் முதல் கயிற்றுத் தொழிற்சாலை அது. மூன்று வருஷம் கழித்து, 1862இல், கலங்கரை விளக்கமும் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமும் வந்தன. அந்தப் பாலத்தின் துருப்பிடித்த கால்களைத்தான் இப்போது எல்லோரும் பின்னால் வைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் கப்பலுக்குப் போனவை எவை என்று கேட்டால், பக்கத்துத் தெருவில் நிற்கும் கம்பெனிக் கட்டடத்தைத்தான் காட்ட வேண்டும்.

நான் அந்தக் கட்டடங்களில் ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தது பள்ளிப் படிப்பு முடித்த வருஷம். எங்கள் நாரை வாங்கி, வீடுகளில் கொடுத்துக் கயிறு திரிக்கச் சொல்லி, அந்தக் கயிற்றைக் கம்பெனிகளுக்கு விற்கும் ஒரு வியாபாரி சேர்த்தலையில் இருந்தார். பாக்கி வசூலுக்குப் போன அய்யன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வியாபாரிதான், “நீங்க அனுப்பறது என்ன ஆகுதுன்னு பாப்பாவுக்குக் காட்டலாம்” என்று எங்களை ஆலப்புழையில் ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போனார்.

வெளியே இருந்து பார்த்தால் நீளமான ஓட்டுக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போனதும்தான் அது எவ்வளவு யோசித்துக் கட்டியது என்று தெரிந்தது. சொறிகல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர், என் கை அகலத்துக்கு மேல் தடிமன். கூரை ரொம்ப உயரத்தில், மரச் சட்டங்களின் மேல் ஓடு. நார்த் தூசி மேலே போய் அடங்கவும், மழைக்கால ஈரம் சரக்கில் இறங்காமல் காற்று ஓடவும் அந்த உயரம். கயிறு ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து நிறம் மாறிவிடும். எங்கள் களத்தில் ஒரு தூறல் விழுந்தாலே நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பின்பக்கம் கால்வாயைப் பார்த்த அகலக் கதவு, படகில் இருந்து கயிற்றுக் கட்டை நேராக உள்ளே இறக்க. முன்பக்கம் தெருவைப் பார்த்த இன்னொரு கதவு, முடிந்த சரக்கை வண்டியேற்ற. பின்கதவில் கயிறாக வந்தது, பிரித்து, சாயம் போட்டு, நெய்து, கத்தரித்து, கட்டாகி முன்கதவில் வெளியே போகும். வேலை நடக்கும் வரிசையில்தான் அறைகளின் வரிசையும். கட்டடத்தைப் பார்த்தாலே தொழில் புரிந்துவிடும்.

கயிறு வைத்திருந்த அறையில் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு ஊர்ப் பெயர் சொன்னார்கள். அஞ்சுதெங்கு, வைக்கம், ஆறாட்டுப்புழை, மங்காடு, அஷ்டமுடி, கொயிலாண்டி, பேப்பூர். எந்த ஊர்ப் பெண்கள் எப்படி முறுக்கித் திரிப்பார்களோ அதுதான் தரத்துக்குப் பெயர். லண்டனில் இருக்கிற வியாபாரிக்கும் அந்தப் பெயர்கள்தான் கணக்கு. அங்கே மேஸ்திரியை மூப்பன் என்பார்கள். வயசான ஒரு மூப்பன், எங்கள் நாரில் திரித்த கயிற்றை ஒரு முழம் எடுத்தார். இரண்டு கட்டை விரலாலும் முறுக்கைப் பின்பக்கமாகப் பிரித்தார். பிரிந்த நாரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனி நகத்தால் வழித்து, நகத்தில் எவ்வளவு பித்து, அதாவது நாரோடு வரும் மட்டைத் தூள், ஒட்டியது என்று பார்த்தார். அப்புறம் அய்யனைப் பார்த்து, சல்லடை ஓட்டம் போதவில்லை, இன்னொரு சுற்று விடுங்கள் என்றார். எங்கள் மில்லை அவர் பார்த்ததே இல்லை. ஒரு முழக் கயிற்றில், நெகமத்தில் ஓடுகிற சல்லடையின் குறையைச் சொல்லிவிட்டார். அய்யன் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சல்லடையை மாற்றினார்.

தறிக்கூடத்தில் வாசலில் போடும் மிதியடி நெய்துகொண்டிருந்தார்கள். நீளமாகப் பள்ளம் ஓடிய ஒரு கம்பி. அதன் மேல் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே போய், ஊடைக் கயிற்றைப் போட்டு அடித்து இறுக்கி, கம்பியின் பள்ளத்தில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. வளையங்கள் எல்லாம் அறுந்து நார்க் குச்சம் தூரிகை மயிர்போல எழுந்து நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். “நாம அடிக்கறது கால்வாசி வேலைதான் சாமி. மீதி வேலை பூரா இங்கதான் நடக்குது” என்றார் அய்யன்.

இந்தக் கட்டடங்களைச் சுற்றி இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. 1922இல் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய வாடப்புறம் பாவா, ஆலப்புழைக் கயிற்றுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். கேரளத்துத் தொழிற்சங்கங்களுக்கெல்லாம் மூத்தது அது. 1938இல் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946இல் புன்னப்ரா, வயலாரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களிலும் கயிற்றுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். ஆக, வெள்ளைக்கார முதலாளிகள் கட்டிய கட்டடம் என்பதோடு கதை முடிந்துவிடாது. கூலிக்கும் மரியாதைக்கும் சனங்கள் ஒன்றுகூடிய இடமும் அதுதான்.

சரி, இதெல்லாம் எப்படிக் காலியானது? கொச்சியில் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தி 1928இல் பெரிய கப்பல் உள்ளேயே வந்து நிற்கத் தொடங்கியதும், நடுக்கடலில் நின்று சரக்கேற்றும் ஆலப்புழைக்கு மவுசு குறைந்தது. கம்பெனிகள் கைமாறின. பிற்பாடு ரப்பர், பிளாஸ்டிக் அடிப்பாகம் ஒட்டிய மிஷின் மிதியடி வந்து கைத்தறிக்கு ஆர்டர் சுருங்கியது. காயலில் மாதக்கணக்கில் மட்டையை ஊறப்போட்டுத் தட்டி எடுக்கும் வெள்ளை நார் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதானது. அந்த இடத்தைத்தான் எங்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து மில் நார் நிரப்பியது. மட்டையைத் தண்ணீரில் நனைத்து, கிரஷரில் நசுக்கி, பீட்டரில் அடித்து, சல்லடையில் பித்து நீக்கி, களத்தில் காயவைத்து, கட்டாக இறுக்கி பேல் போடுகிறோம். 2007இல் புவிசார் குறியீடு வாங்கிய ஆலப்புழைக் கயிற்று விரிப்புக்கும் இன்றைக்கு எங்கள் ஊர் நார் போகிறது.

“அது கேரளாக்காரன் கட்டடம், நமக்கென்ன?” என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். எங்கள் தென்னை குடிக்கும் தண்ணீர் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர். பரம்பிக்குளம் அணை நிற்பது கேரள மண்ணில். அதைப் பராமரிப்பது நம் நீர்வளத்துறை. அங்கிருந்து தண்ணீர் வந்து இங்கே மரமாகி, மட்டை நாராகித் திரும்ப அங்கேயே போகிறது. இதில் எதை அவர்களுடையது, எதை நம்முடையது என்று பிரிப்பது?

இன்னொரு கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது இவ்வளவு லேசு இல்லை. சுருள் வெள்ளை ஈயும் கேரள வாடல் நோயும் வந்து தோப்புத் தோப்பாக மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் பழைய கட்டடத்தைப் பற்றி என்ன பேச்சு என்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்கும் உண்டு. எங்கள் தோட்டத்திலும் மரம் போயிருக்கிறது. ஆனால் மரம் குறைகிற நேரத்தில்தான் கிடைக்கிற மட்டைக்கு அதிக விலை வர வேண்டும். நாங்கள் நாரை நாராகவே விற்கிறோம். அதிகம் வாங்குவது சீனா. அங்கே வாங்குவதை நிறுத்தினால் இங்கே பேல் பேலாக மில்லில் தேங்கிவிடும், மட்டை ஏற்ற வந்த வண்டி திரும்பிப் போகும். அதே நார் ஒரு நல்ல மிதியடியாகவோ விரிப்பாகவோ ஆனால் விலை பல மடங்கு. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள்தான். அவர்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது. கட்டடத்தைக் காப்பாற்று என்று நான் சொல்வதில் முக்கால் பங்கு இந்தக் கைவேலையைக் காப்பாற்று என்பதுதான்.

கேரள அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கொடுங்கல்லூர்ப் பக்கத்துப் பழைய முசிறித் துறைமுகத்துக்கான பாரம்பரியத் திட்டத்தைத் தொடர்ந்து ஆலப்புழைக்கும் தனியாகத் திட்டம் போட்டு, கால்வாய்களைச் சுத்தம் செய்து, பழைய கயிற்றுத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் அருங்காட்சியகங்களாக மாற்றும் வேலை நடக்கிறது. 2021இல் கொச்சி பினாலே அமைப்பினர் மலையாள ஓவியர்களின் பெரிய கண்காட்சியை ஆலப்புழையில் நடத்தியபோது, நியூ மாடல் கயிற்றுச் சங்கத்தின் கட்டடமும் காட்சிக்கூடமானது. ஓடு மாற்றாமல் ஒழுகிக்கொண்டிருக்கும் கூரைக்கு ஏதோ ஒரு வகையில் கவனிப்பு கிடைப்பது எனக்கு முழுச் சந்தோஷம். ஓவியம் பார்க்க வருகிறவர் தறியையும் பார்ப்பார்.

எனக்குள்ள பயம் ஒன்றுதான். வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், இப்படிப் புதுப்பித்த ஒரு பழைய தொழில்கூடத்தைப் பார்த்தேன். சுவருக்கு அழகாகச் சுண்ணாம்பு அடித்து, மிஷினைப் பாலிஷ் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று அட்டை மாட்டியிருந்தார்கள். அந்த மிஷின் எப்படி ஓடும் என்று கேட்டேன். அங்கே நின்றவருக்குத் தெரியவில்லை. ஆலப்புழைக்கு அந்த நிலை வரக்கூடாது. புதுப்பிக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கூடத்திலாவது தறி ஓட வேண்டும். ஓட்டுகிறவருக்கு வேடிக்கை காட்டும் சம்பளமாக இல்லாமல் நெசவுக் கூலியாகவே கிடைக்க வேண்டும். நெய்தது விற்பனைக்குப் போக வேண்டும். கலவூரில் கயிறு வாரியத்தின் தேசியப் பயிற்சி மையம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வகுப்பு ஒன்றை இந்தப் பழைய கட்டடத்துக்குள் நடத்தி, ஓய்வு பெற்ற நெசவாளர்களையும் மூப்பன்களையும் வாத்தியாராக உட்கார வைத்தால் என்ன? அந்த வகுப்பில் பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கத்துப் பெண்களுக்கும் இடம் வேண்டும். எங்கள் மில்லில் வேலை செய்யும் பெண்களில் கை சுறுசுறுப்பும் கணக்கும் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். தங்க இடமும் கற்கும் காலத்துக்குக் கூலியும் கிடைத்தால் போய்க் கற்றுக்கொண்டு வருவார்கள். பொள்ளாச்சியிலும் கயிறு வாரியத்துக்கு அலுவலகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பேசி ஏற்பாடு செய்வது பெரிய காரியம் இல்லை.

அப்புறம், அருங்காட்சியகத்தில் கயிறு வந்த கதையைச் சொல்லும்போது காயலில் மட்டை ஊறுவதோடு நிறுத்திவிடாமல், இன்றைய நார் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வைக்கத்துக்கும் அஞ்சுதெங்குக்கும் பக்கத்தில் பொள்ளாச்சி நாரும் ஒரு கட்டு இருக்கட்டும். கேட்டால் பச்சை மட்டையில் மில்லில் அடித்த நல்ல வெள்ளை நாரும் காய்ந்த மட்டையில் எடுத்த பிரவுன் நாரும் லாரி வாடகை உட்பட எங்கள் செலவில் அனுப்புகிறோம்.

நம் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போத்தனூரில் இருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1915இல். அதை ஒட்டி வளர்ந்த கடைவீதியில் வெல்லம், நிலக்கடலை, பருத்தி, தேங்காய் என்று கமிஷன் மண்டிகள் எத்தனை இருந்தன! முன்னால் திண்ணை, உள்ளே தேக்குத் தூண், தராசு தொங்கவிட்ட உத்தரம், பின்னால் வண்டி திரும்பும் முற்றம் என்று எல்லாமே தொழிலுக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றாக இடித்து ஜவுளிக் கடையும் காம்ப்ளெக்சும் வருகின்றன. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய முதல் பஞ்சாலை தொடங்கி, 2020 ஊரடங்கின்போது கதவடைத்த, மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழக (என்.டி.சி.) மில்கள் வரை என்ன ஆகப்போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. மில் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கிதான் முதலில் தீர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இடத்தை விற்கும் நாள் வந்தால், ஒரு நூற்புக்கூடத்தையாவது இடிக்காமல் விடச் சொல்ல நம்மிடம் ஆள் வேண்டும். துறைமுக ஊர்களுக்குத்தான் பாரம்பரியக் கட்டடம் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது. அந்தத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொடுத்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று.

உங்கள் பொள்ளாச்சி நிருபரிடம் ஒரு வேண்டுகோள். கடைவீதியிலும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் மிச்சமிருக்கும் மண்டிகளைப் படம் எடுத்து, அங்கே என்ன வியாபாரம் நடந்தது என்று உரிமையாளர்களிடமும் மூட்டை தூக்கிய பெரியவர்களிடமும் கேட்டு, வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். பூட்டிக் கிடப்பவற்றின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செவ்வாய், வியாழன் சந்தை நாள். மற்ற எந்த நாள் வந்தாலும் நானே கூட வந்து திறந்து காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நார் மில் நடத்தும் ஒரு வாசகி,
நெகமம் வட்டாரம், பொள்ளாச்சி.